புரோஜெஸ்டிரோன் 0.4: கருமுட்டை ஹார்மோன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மகள் வாட்ஸாப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாள். புரோஜெஸ்டிரோன் 0.4 என்று இருந்தது. அந்த எண்ணைச் சுற்றி அவளே சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். கீழே, "அக்கா, எனக்கு முட்டையே வரலையாம். கூகுள்ல போட்டுப் பார்த்தேன்."

நான் ஆய்வகத்தில், உயிர்வேதியியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் இப்படிச் செய்திகள் வருவது வழக்கம். திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "ரத்தம் குடுத்த அன்னிக்கு உனக்கு எத்தனாவது நாள்?"

"மூணாவது நாள்."

"மூணாவது நாள்ல அப்படித்தான் இருக்கணும். போய்த் தூங்கு."

மேட்டூர் அணையில் 90 அடி தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் டெல்டா விவசாயி உடனே சிரிக்கவும் மாட்டார், அழவும் மாட்டார். ஜூன் மாதத்திலா, ஜனவரியிலா என்று கேட்பார். கருமுட்டை சம்பந்தப்பட்ட ஹார்மோன்களும் அப்படித்தான். மாதத்தின் எந்த நாளில் எடுத்தது என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம் ஊரில் "ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், ஹார்மோன் இம்பேலன்ஸாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எந்த ஹார்மோன், எந்த நாள், கூடவா குறைவா என்று கேட்டால் பதில் இருக்காது. "உடம்பு சரியில்லை" என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மாடியில் தூங்கும் பிள்ளை

பள்ளிக்கூட நாள், காலை ஆறரை மணி. அம்மா கீழே அடுக்களையில் இருக்கிறார். பிள்ளை மாடியில் தூங்குகிறான். அம்மா முதலில் மெதுவாகக் கூப்பிடுவார். "எழுந்துட்டேன்" என்று பதில் வந்தால் குரல் தணியும். பதில் வராவிட்டால் குரல் ஏறும். தெருவில் நிற்கிறவர் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அம்மாவின் குரல், பிள்ளையின் பதில் இரண்டையும் சேர்த்துக் கேட்டாலே வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஹார்மோன் பரிசோதனையும் தெருவில் நின்று ஒட்டுக்கேட்பதுதான். ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி ரத்தத்தில் கலந்துவிடும் செய்தி. அந்தச் செய்தியை வாங்கக்கூடிய உறுப்பு தூரத்தில் எங்கோ இருக்கும். இங்கே அம்மா இருப்பது மூளையின் அடியில். அங்கே பிட்யூட்டரி என்று பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இருந்துகொண்டு, ஏறக்குறைய ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிட்யூட்டரியைத் தட்டிவிடுகிறது. பிள்ளை இருப்பது அடிவயிற்றில், கருப்பையின் இரு பக்கமும் உள்ள சினைப்பைகளில்.

பிட்யூட்டரி இரண்டு செய்திகளை அனுப்பும். முதலாவது எஃப்.எஸ்.எச். அது சினைப்பையில் உள்ள ஃபாலிக்கிள்களை வளரச் சொல்கிறது. ஃபாலிக்கிள் என்பது கருமுட்டையைச் சுமக்கும், நீர் நிறைந்த சிறு பை. மாதவிலக்கு தொடங்கும் நாட்களில் பல ஃபாலிக்கிள்கள் சேர்ந்து வளரத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வளர, மற்றவை வாடிவிடும். வளர்கிற ஃபாலிக்கிள் ஈஸ்ட்ராடியால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. "எழுந்துட்டேன்" என்ற பதில் இதுதான். பதில் கேட்டதும் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச். குரலைத் தணித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் உடம்பு ஒரு விநோதம் செய்கிறது. ஈஸ்ட்ராடியால் மிக உயர்ந்து, சுமார் இரண்டு நாள் அந்த உயரத்திலேயே நின்றால், அதுவரை அடங்கிப்போன மூளை தலைகீழாக மாறி எல்.எச். என்ற இரண்டாவது செய்தியை வெள்ளம்போல் திறந்துவிடும். அந்த வெள்ளம் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் ஃபாலிக்கிள் உடைந்து கருமுட்டை வெளியே வருகிறது. "முட்டை வெடிச்சுது" என்று ஸ்கேன் சென்டரில் சொல்வது இதைத்தான். கடையில் விற்கும் ஓவுலேஷன் கிட், சிறுநீரில் இந்த எல்.எச். வெள்ளத்தைத்தான் தேடுகிறது.

உடைந்த ஃபாலிக்கிள் வீணாவதில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு தற்காலிகச் சுரப்பியாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். கரு வந்தால் தங்குவதற்குக் கருப்பையின் உள்சுவரைப் பக்குவப்படுத்தும் ஹார்மோன் இது. கரு வராவிட்டால் அந்த மஞ்சள் சுரப்பி இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் சரியும், உள்சுவர் உதிரும், அடுத்த மாதவிலக்கு வரும்.

சரி, இதுவரை சொன்னது: எஃப்.எஸ்.எச். ஃபாலிக்கிளை வளர்க்கிறது, ஈஸ்ட்ராடியால் வளர்ச்சிக்குப் பதில் சொல்கிறது, எல்.எச். முட்டையை வெளியே தள்ளுகிறது, புரோஜெஸ்டிரோன் முட்டை வெளிவந்த பிறகே கணிசமாக ஏறுகிறது. சித்தி மகளுக்கு மூன்றாவது நாளில் 0.4 இருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முட்டை அப்போதுதான் வளர ஆரம்பிக்கும் நேரத்தில், முட்டை வெளிவந்தால் ஏறும் ஹார்மோனைத் தேடியிருக்கிறார்கள்.

முதல் நாள் எது?

இது சின்ன விஷயம்தான், ஆனால் இங்கே தப்பினால் எல்லாம் தப்பும். ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கும் நாளே முதல் நாள். முந்தின நாள் லேசாகக் கறை பட்டது கணக்கில் வராது. சிலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவார்கள், சிலர் உதிரம் நின்ற நாளிலிருந்து. அப்படி எண்ணினால் மூன்றாவது நாள் என்று நினைத்துக்கொண்டு எட்டாவது நாளில் போய் ரத்தம் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் ரத்தம்

மருத்துவர் "பீரியட்ஸ் வந்த ரெண்டாவது மூணாவது நாள் வாங்க" என்று சொல்வது அம்மா–பிள்ளை உரையாடலின் முதல் வரியைக் கேட்பதற்காக. அந்த நாட்களில் ஃபாலிக்கிள்கள் சிறிதாக இருக்கும், சினைப்பை சுரக்கும் ஹார்மோன்கள் தரைமட்டத்தில் இருக்கும். அப்போது எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடியால் மூன்றையும் சேர்த்து எடுப்பார்கள். விடை பெரும்பாலும் மூன்று விதமாக அமையும்.

அம்மா கத்துகிறார், பதிலே இல்லை என்பது ஒன்று. எஃப்.எஸ்.எச். மிக அதிகம், ஈஸ்ட்ராடியால் குறைவு. சினைப்பையில் ஃபாலிக்கிள்கள் தீர்ந்துபோனாலோ, இருந்தும் அவை எழாவிட்டாலோ இப்படி ஆகும். மாதவிலக்கு நிற்கும் வயதில் இது இயல்பு. 40 வயதுக்குள் மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல், எஃப்.எஸ்.எச்.சும் 25ஐத் தாண்டியிருந்தால் சினைப்பை முன்கூட்டியே ஓய்கிறதா என்று விசாரிப்பார்கள். நிறையப் பேர் இந்த எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எஃப்.எஸ்.எச். அதிகம் என்றால் "நிறைய இருக்கு, நல்லதுதானே" என்கிறார்கள். அம்மா தொண்டை கிழியக் கத்துகிற வீட்டில் பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று யாராவது சொல்வோமா?

அம்மா கூப்பிடவே இல்லை என்பது இன்னொன்று. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடியால் எல்லாமே குறைவு. சினைப்பையில் கோளாறு இல்லை. மேலிருந்து உத்தரவு வரவில்லை. உடல் எடை மளமளவென்று குறைந்தால், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடுமையாக உடற்பயிற்சி செய்தால், பெரிய மன அழுத்தம் இருந்தால் ஹைப்போதலாமஸ் தட்டுவதைக் குறைத்துவிடும். பஞ்ச காலத்தில் கல்யாணத்தை ஒத்திப்போடுகிற வீடுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போய், பிட்யூட்டரிக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அது சேதமாவதும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பாலும் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் அந்த ரத்தப்போக்கைப் பற்றியும் சொல்லுங்கள்.

மூன்றாவது, வீட்டில் அன்றாடம் கேட்பது. அம்மாவின் குரல் சாதாரணம், "வரேம்மா, வரேன்" என்று பதிலும் வருகிறது. பிள்ளை மட்டும் இறங்கி வரவில்லை. எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ராடியால் இயல்பு. முட்டை மட்டும் வெளிவருவதில்லை. முட்டை வெளிவராத பெண்களில் 100க்குச் சுமார் 85 பேர் இந்த வகை என்று பாடநூல்களில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் நாம் "நீர்க்கட்டி" என்று சொல்லும் பி.சி.ஓ.எஸ். மற்ற இரண்டு வகையும் சேர்ந்து மீதி 15தான். அதனால்தான் இரண்டாம் நாள் ரிப்போர்ட் முழுக்க "நார்மல்" என்று வந்தபிறகும் பிரச்சினை தீராமல் இருக்கிறது.

ஒரு சூட்சுமம். எஃப்.எஸ்.எச். 8 என்று நல்ல எண்ணாக வந்திருக்கும். கூடவே ஈஸ்ட்ராடியால் மூன்றாம் நாளிலேயே 100க்கு மேல் இருக்கும். பதில் சத்தமாக வருவதால் அம்மா குரலைத் தணித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த 8ஐ நம்ப முடியாது. காசு மிச்சமாகட்டும் என்று எஃப்.எஸ்.எச். மட்டும் எடுத்தால் இது தெரியவே தெரியாது.

21ஆம் நாள் என்ற மந்திரம்

முட்டை வெளிவந்ததா என்று ரத்தத்தில் நேரடியாகப் பார்க்க வழியில்லை. வந்துபோன தடயத்தைத்தான் பார்க்க முடியும். புரோஜெஸ்டிரோன்தான் அந்தத் தடயம். மில்லிக்கு 3 நானோகிராமுக்கு மேல் ஏறியிருந்தால் அண்மையில் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

இதை 21ஆம் நாளில் எடுக்கச் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 28 நாள் சுழற்சியில் முட்டை 14ஆம் நாள் வாக்கில் வெளிவரும். அதிலிருந்து ஒரு வாரத்தில் புரோஜெஸ்டிரோன் உச்சத்துக்கு வரும். 14ம் 7ம் 21. கணக்கு சரிதான். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மட்டும் சரி.

மாதவிலக்குச் சுழற்சியில் நீளமும் குட்டையும் ஆவது பெரும்பாலும் முதல் பாதி. முட்டை வெளிவந்தபின் அடுத்த மாதவிலக்கு வரையிலான பின்பாதி ஏறத்தாழ இரண்டு வாரமாகவே இருக்கும். எனவே முன்னாலிருந்து எண்ணக்கூடாது, பின்னாலிருந்து எண்ண வேண்டும். அடுத்த மாதவிலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு ஏழு நாள் முன்பு. 35 நாள் சுழற்சிக்காரருக்கு அது 28ஆம் நாள். அவருக்கு 21ஆம் நாளில் முட்டை அன்றுதான் வெளிவந்துகொண்டிருக்கும். அன்றைக்கு ரத்தம் எடுத்தால் 0.9 என்று வரும். "முட்டை வரவில்லை" என்று சொல்லி மாத்திரை தொடங்கிவிடுவார்கள். இப்படி எத்தனை ரிப்போர்ட் என் கையாலேயே போயிருக்கிறது என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆய்வகத்துக்கு வருகிற சீட்டில் "புரோஜெஸ்டிரோன், 21ஆம் நாள்" என்று எழுதியிருக்கும். சுழற்சி எத்தனை நாள் என்று சீட்டிலும் இருக்காது, நாங்களும் கேட்டதில்லை.

சுழற்சி ஒரு மாதம் 32, அடுத்த மாதம் 45 என்று தாறுமாறாக இருந்தால்? ஒரு உத்தேச நாளில் எடுத்து, மாதவிலக்கு வரும்வரை வாரம் ஒருமுறை திரும்ப எடுப்பது ஒரு வழி. ஸ்கேனில் ஃபாலிக்கிள் வளர்வதைப் பார்ப்பது இன்னொரு வழி. நம் ஊரில் ஃபாலிகுலர் ஸ்டடி என்று சொல்வது அதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புரோஜெஸ்டிரோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை. பீறிட்டுப் பீறிட்டு வரும். ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில், எண் பல மடங்கு மாறக்கூடும். ஆகவே 7 வந்தவர், 15 வந்த தோழியைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. இந்தப் பரிசோதனை சொல்வது முட்டை வந்ததா இல்லையா என்பதை. முட்டை எவ்வளவு தரமானது என்பதற்கு இதில் மதிப்பெண் கிடையாது.

மாதாமாதம் 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக மாதவிலக்கு வருகிறது, வருவதற்கு முன்பு மார்பு கனப்பது, எரிச்சல் வருவது மாதிரி வழக்கமான அறிகுறிகளும் உண்டு என்றால், அவருக்கு முட்டை வெளிவருவது ஏறக்குறைய உறுதி. காலண்டரில் வட்டம் போட்டுவந்த பெண், தன்னுடைய பாதிப் பரிசோதனையைக் காசில்லாமல் செய்துகொண்டவர். ஆனால் ரத்தப்போக்கு வந்தாலே முட்டை வந்தது என்று அர்த்தமில்லை. முட்டை வராத மாதத்திலும் ஈஸ்ட்ராடியால் கருப்பைச் சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் தாங்காமல் அது கண்டபடி உதிரும். இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டு, பிறகு பத்து பதினைந்து நாள் கொட்டித் தீர்ப்பது பெரும்பாலும் இந்த வகை.

சுருக்கமாக: இரண்டாம், மூன்றாம் நாள் ரத்தம் மூளையும் சினைப்பையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று சொல்லும். மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுக்கும் ரத்தம், பேச்சு காரியத்தில் முடிந்ததா என்று சொல்லும்.

வீட்டில் ஓடும் மிக்சி: புரோலாக்டின், தைராய்டு

அம்மா கூப்பிடுகிற நேரத்தில் யாராவது மிக்சியை ஓடவிட்டால் குரல் அமுங்கும். புரோலாக்டின் செய்வது அதுதான். தாய்ப்பால் சுரக்க வைக்கும் இந்த ஹார்மோன் ஏறினால் ஹைப்போதலாமஸ் தட்டுவது குறையும், முட்டை வெளிவருவது நிற்கும். பாலூட்டும் தாய்க்குப் பல மாதம் மாதவிலக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் இது. பிள்ளை பெறாதவருக்கு இது ஏறியிருந்தால் ஏன் என்று தேட வேண்டும்.

ஆனால் புரோலாக்டின் தொட்டாற்சிணுங்கி. ஊசியைக் கண்டு பயந்தாலும் ஏறும், தூக்கத்தில் ஏறும், சாப்பிட்டதும் ஏறும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் சர்வசாதாரணமாகச் சாப்பிடும் டோம்பெரிடோன் மாத்திரை இதை நன்றாகவே ஏற்றிவிடும். சில மனநல மருந்துகளும் அப்படித்தான். ஆகையால் சற்று ஏறியிருக்கிறது என்று வந்தால், காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஆசுவாசமாக உட்கார்ந்து இன்னொரு முறை எடுப்பது நல்லது. பல மடங்கு ஏறியிருந்தால் பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கிறதா என்று தலை ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி என்றதும் கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அநேகருக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

தைராய்டு குறைவது வீடு முழுக்க மின்சாரம் மந்தமாவது மாதிரி. தைராய்டு குறையும்போது அதைத் தூண்ட மூளை அனுப்பும் செய்தி, கூடவே புரோலாக்டினையும் தூண்டிவிடும். அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனையைப் பார்க்காமல் புரோலாக்டினுக்கு மாத்திரை கொடுப்பது, கீழே ஈரம் இருப்பதைப் பார்த்துத் துடைத்துவிட்டு, ஒழுகும் கூரையை விட்டுவிடுவதற்குச் சமம். இந்த இரண்டையும் மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம்.

நீர்க்கட்டி என்ற பெயர் செய்த கோலம்

பி.சி.ஓ.எஸ். பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். இங்கே பரிசோதனைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கேனில் தெரிகிற அந்த "நீர்க்கட்டிகள்" கட்டிகளே அல்ல. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன ஃபாலிக்கிள்கள். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள். அவற்றைக் கரைக்கவோ வெட்டி எடுக்கவோ ஒன்றும் இல்லை. நீர்க்கட்டி கரைய இந்தக் கஷாயம், அந்த லேகியம் என்று விற்பவர்கள் இந்தப் பெயரை வைத்தே பிழைக்கிறார்கள்.

2003இல் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் நிறையச் சிறு ஃபாலிக்கிள்கள். இம்மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், வேறு காரணங்கள் இல்லை என்றும் தெரிய வேண்டும். ஸ்கேன் மட்டும் போதாது. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்தப் பெயரைச் சூட்டவே கூடாது என்பது சர்வதேச வழிகாட்டி நெறி. அந்த வயதில் சினைப்பை அப்படித்தான் இருக்கும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேனைக் காட்டி "நாளைக்குக் குழந்தை பிறப்பது கஷ்டம்" என்று பெற்றோரைப் பயமுறுத்துவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ரத்தத்தில் இங்கே பார்ப்பது முக்கியமாக டெஸ்டோஸ்டிரோன். பெண்களுக்கும் இது கொஞ்சம் உண்டு. இதன் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தில் ஏறிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவரால் வயலில் வேலை செய்ய முடியாது, இறங்கியவர்தான் செய்வார். இன்சுலின் மிகுந்தால் இந்த பஸ்கள் குறைந்துவிடும்; மொத்த டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தாலும் இறங்கி நிற்பவர்கள் கூடிவிடுவார்கள். முகத்தில் முடி, பரு இருந்தும் "டெஸ்டோஸ்டிரோன் நார்மல்" என்று வருவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், சர்க்கரையையும் பரிசோதிக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் மிக அதிகமாக, திடீரென்று ஏறியிருந்தால் கதை வேறு. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்.எச்., எஃப்.எஸ்.எச்.சைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்று பலர் இன்றும் சொல்வார்கள். பலருக்கு அப்படி இருக்கும், பலருக்கு இருக்காது. அளவுகோலில் அதற்கு இடமில்லை.

ஏ.எம்.எச்.: முட்டை எண்ணிக்கை பயம்

சிறு ஃபாலிக்கிள்களிலிருந்து வரும் ஹார்மோன் ஏ.எம்.எச். எத்தனை சிறு ஃபாலிக்கிள்கள் கையிருப்பில் உள்ளன என்று உத்தேசமாகச் சொல்லும். நாள் பார்க்க வேண்டாம், எப்போதும் எடுக்கலாம். ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு செய்யும்போது, முட்டைகளை வளர்க்கப் போடும் ஊசிக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்க மிகவும் பயன்படுகிறது. பி.சி.ஓ.எஸ். இருந்தால் இது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 2023 சர்வதேச வழிகாட்டி நெறிப்படி வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஆனால் முட்டை மாதாமாதம் வெளிவருகிறதா என்று இது சொல்லாது. அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இன்றைக்கு உலை வைத்தார்களா என்று சொல்ல முடியுமா? ஏ.எம்.எச். குறைவு என்றால் இயற்கையாகக் கருத்தரிக்க முடியாது என்பதும் தவறு. 30 முதல் 44 வயதுக்குட்பட்ட, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளிவந்த ஆய்வில், ஏ.எம்.எச். குறைந்தவர்கள் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இதையும் சேர்த்து விற்று, கல்யாணமாகாத பெண்களின் தூக்கத்தைக் கெடுப்பது வியாபாரம்.

ரிப்போர்ட்டைக் கெடுப்பவை

மாத்திரைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். கோயில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்ட மாதத்தில் நாள் கணக்கே குலைந்துபோயிருக்கும். கருத்தடை மாத்திரையில் இருப்பவருக்கு எஃப்.எஸ்.எச்., எல்.எச். அமுங்கியே இருக்கும், ஏ.எம்.எச்.சும் இறங்கித் தெரியலாம். முட்டை வெடித்தபின் ஆதரவுக்காகப் புரோஜெஸ்டிரோன் கேப்சூல் போட்டுக்கொண்டிருப்பவரின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் இருந்தால், அது சினைப்பையிலிருந்து வந்ததா கேப்சூலிலிருந்து வந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

தலைமுடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை, சீட்டில் எழுதுவதும் இல்லை. இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் சில நானோகிராம் ஹார்மோனை அளப்பது லேசான காரியம் இல்லை. ஒரு நானோகிராம் என்பது கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. இதை அளக்கும் வழியை 1950களில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்தார்கள். பெர்சன் இறந்தபின், 1977இல், யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோனில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை வைத்து அளப்பது அவர்கள் உத்தி. இன்றைய இயந்திரங்களும் அதன் வாரிசுகளே. இவற்றில் பல, ஒட்டுவதற்குப் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால் பசை குழம்பிவிடும். டி.எஸ்.எச்., எஃப்.எஸ்.எச். எல்லாம் பொய்யாகக் குறைந்தும், புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ராடியால் பொய்யாக ஏறியும் வரலாம். ரத்தம் கொடுக்கச் சில நாள் முன்பே நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலகு இன்னொரு பொறி. துபாயிலோ லண்டனிலோ எடுத்த ரிப்போர்ட்டில் புரோஜெஸ்டிரோன் 32 என்று இருக்கும், இங்கே 10 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், அங்கே நானோமோல், இங்கே நானோகிராம்.

அப்புறம், மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் ஹார்மோன் பட்டியலுக்கு முன்னால் ஒரு கர்ப்பப் பரிசோதனை. இதை மறந்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களும் உண்டு.

எப்போது எடுக்க வேண்டும்?

சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ வந்துகொண்டிருந்தால், மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் காரணம் பார்க்க வேண்டும். ஒழுங்காக வருகிறது, ஆனால் கரு தங்கவில்லை என்றால் 35 வயதுக்குட்பட்டவர் ஒரு வருடம் முயன்றபின், 35ஐத் தாண்டியவர் ஆறு மாதம் முயன்றபின் மருத்துவரைப் பார்க்கலாம். எல்லா ஹார்மோனையும் ஒரே நாளில் எடுத்துத் தள்ளும் பேக்கேஜ் வேண்டாம். மேலே சொன்னபடி ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது.

இந்த ரத்தப் பரிசோதனைகள் முட்டையைப் பற்றி மட்டும் பேசும். கருக்குழாய் அடைப்பு தெரியாது. கணவரின் விந்தணு பற்றியும் ஒன்றும் தெரியாது. குழந்தையின்மையில் ஆணின் பங்கு இருக்கும் தம்பதிகள் கிட்டத்தட்டப் பாதி. விந்துப் பரிசோதனையோ எளிது, வலி இல்லாதது, இந்த ஹார்மோன் பட்டியலைவிட மலிவு. ஆனாலும் நம் வீடுகளில் பெண்ணுக்கு ஆறு மாதம் ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, மாத்திரை கொடுத்து முடித்தபிறகே அந்தப் பேச்சு வரும், அதுவும் தயங்கித் தயங்கி.

சித்தி மகளுக்குச் சுழற்சி 34 நாள். 27ஆம் நாளில் திரும்ப எடுக்கச் சொன்னேன். நேற்று ராத்திரி ரிப்போர்ட் வந்தது, புரோஜெஸ்டிரோன் 11.2. முட்டை அழகாக வந்திருக்கிறது.

"அப்போ ஏன்க்கா கரு இன்னும் நிக்கல?" என்று கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.